மொட்டை ரொட்டி

பதினாறு வருஷம் ரொவெரீனா கிராமம் தெல்ஃபீனாவைப் பொய்க்காரி என்றே வைத்திருந்தது. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. மலைக்காரர்களுக்கு அந்த அளவு தைரியம் கிடையாது. அவள் எதைச் சொன்னாலும், "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும், தெல்ஃபீனா" என்பார்கள். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான். பால் கெட்டுவிட்டது என்று சொன்னால்கூட அந்தப் பார்வை உண்டு. பொய் சொல்லவே வராத பெண்பிள்ளைக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

எல்லாம் ஒரு ரொட்டியால் வந்தது.

ஊருக்கு ஒரே அடுப்பு, தேவாலயத்தின் பின்பக்கம். வருஷத்துக்கு ஐந்து தடவைதான் அதை மூட்டுவார்கள். மூட்டினால் மூன்று நாள் அணையாது; இருபத்திரண்டு வீட்டு ரொட்டியும் முறை வைத்து அதில்தான் வெந்தாக வேண்டும். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே உருண்டை. எது யாருடையது என்று அடிதடி வராமலிருக்க வீட்டுக்கு ஒரு மர முத்திரை இருந்தது. மாவு பொங்கினதும் அதை மேலே ஓர் அழுத்து அழுத்தி உள்ளே தள்ளுவார்கள். தெல்ஃபீனாவின் பிறந்த வீட்டுக்கு வண்டிச்சக்கரம். 1938இல் எரால்தோவைக் கட்டிக்கொண்டு வந்தபோது மாமனார் அவள் கையில் கொடுத்தது மூன்று பல் வைத்த சாவி. அந்தச் சாவியை அவள் ஒருநாளும் கோணலாக அழுத்தியதில்லை. கோணலாக அழுத்துகிற பெண்களைச் சும்மா விட்டதும் இல்லை. "ஏன்டி, கண்ணை மூடிக்கிட்டுக் குத்தினியா?" என்று அடுப்படியிலேயே கேட்டுவிடுவாள்.

எரால்தோ ரஷ்யாவுக்குப் போன மலைப்படையில் இருந்தான். பள்ளத்தாக்கிலிருந்து நாற்பது பேர் போனார்கள். ஆறு பேர் திரும்பினார்கள். அவன் இரண்டு கால்விரல்களைப் பனியில் விட்டுவிட்டு வந்தான். ஆறு மாதம் வாய் திறக்காமல் கணப்பருகே உட்கார்ந்திருந்தவன், 1943 செப்டம்பரில், அதுவரை ஜெர்மன்காரனோடு சேர்ந்து சண்டை போட்ட அரசாங்கம் எதிரியிடம் சரணடைந்து, ராஜா ஓடிப்போய், ஜெர்மன்காரன் உள்ளே வந்த வாரத்தில்தான் பேசினான். பேசியது தெல்ஃபீனாவின் தம்பி செவெரோவிடம். செவெரோவுக்கு அப்போது இருபது வயது. நடுவில் சோளக்களி ஆறிக்கொண்டிருந்தது.

"ஒருநாள் ராத்திரில கட்சி மாறிட்டா, பனியில கிடக்குற முப்பத்திநாலு பேருக்கு நான் என்ன சொல்லட்டும்? சும்மா செத்தீங்கடான்னா?"

"அவங்களைச் சாகக் கொடுத்தவனுக்கே மறுபடியும் துப்பாக்கி தூக்குவேங்கறியே மச்சான், உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?"

"கொடுத்த வாக்குன்னு ஒண்ணு இருக்கு."

"யாருக்குக் கொடுத்த வாக்கு? ஜெர்மன்காரனுக்கா?"

"ரெண்டு பேரும் முதல்ல தின்னுங்க," என்றாள் தெல்ஃபீனா. இரண்டு பேருமே தின்னவில்லை. எரால்தோ ஜெர்மன்காரன் வடக்கே புதிதாக நிறுவிய குடியரசின் படையில் சேர்ந்தான். அந்தப் படையின் ஆள்சேர்ப்பு நோட்டீஸ் வந்ததும் செவெரோ, அதை எதிர்த்து மறைந்திருந்து சண்டை போடுகிறவர்களோடு சேர மலையேறிவிட்டான். வராதவனைச் சுடலாம் என்று அந்த நோட்டீஸிலேயே போட்டிருந்தது. தெல்ஃபீனா ஒருவன் சட்டையைக் கிணற்றடியில் எல்லோர் கண்ணிலும் படும்படி துவைத்தாள்; மற்றவன் சட்டையை வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு துவைத்தாள்.

1944 நவம்பர். கஷ்கொட்டை உலர்த்துகிற காலம். தோப்புகளில் அதற்கென்று கல் குடிசைகள் உண்டு. கீழே நெருப்பு புகைந்துகொண்டிருக்கும். மேலே இடைவெளி விட்டு அடித்த பலகைத் தட்டில் கொட்டைகளைப் பரப்பியிருப்பார்கள். கத்தலீனா என்ற விதவையின் குடிசையில் செவெரோவும் கத்தலீனாவின் ஒரே மகன் அர்துரினும் ஒளிந்திருந்தார்கள். அந்த அடுப்பு முறையில் தெல்ஃபீனா இரண்டு ரொட்டி கூடுதலாகச் சுட்டு, வைக்கோல் கூடையின் அடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

முத்திரையோடு.

அடுப்படியில் முத்திரை இல்லாமல் உள்ளே விட்டால் இருபது வாய் கேட்கும், அது வாஸ்தவம். ஆனால் வெந்து வந்த பிறகு வீட்டில் வைத்துக் கத்தியால் மேல்தோலைச் சுரண்டியிருக்கலாம். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. கூடையில் அடுக்கும்போது சாவி நேராக விழுந்திருக்கிறதா என்றுகூடப் பார்த்திருக்கிறாள், மகராசி!

மூன்றாம் நாள் காலை குடிசையைக் குடியரசுப் படை வளைத்தது. ஓடைப்பக்கம் ஓடிய அர்துரின் முதுகில் குண்டு பட்டு விழுந்தான். பத்தொன்பது வயது. செவெரோவைக் காணவில்லை. ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் எரால்தோ வீட்டுக்கு வந்தான். தொப்பியைக் கழற்றாமல் மேசையருகே நின்றான்.

"உன் தம்பி அங்கே இல்லை. அவனை நான் பார்க்கலை," என்றான்.

தெல்ஃபீனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் இன்னும் முடிக்கவில்லை.

"அலமாரிப் பலகையில பாதி ரொட்டி இருந்துச்சு. எங்க அதிகாரி பட்டணத்து ஆளு. 'இது எந்த வீட்டு அடையாளம்? நீ இந்தப் பக்கத்துக்காரன்தானே, பார்த்துச் சொல்லு. ரொட்டி கொடுத்த வீட்டைக் கொளுத்திட்டுத்தான் மத்த வேலை'ன்னு என் கையில கொடுத்தாரு."

"எரால்தோ..."

"என் தாத்தா செதுக்குன சாவி. மூணு பல்லும் அழகா விழுந்திருந்துச்சு."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை. மேல்தோலை வெட்டி வாயில போட்டுக்கிட்டேன். மென்னு முழுங்கிட்டு, 'புளிக்குதுங்க, இது அடுத்த பள்ளத்தாக்கு மாவு, எங்க ஊர் ரொட்டி இப்படி இருக்காது'ன்னேன். திட்டினாரு. 'தின்னிப் பண்டாரமே'ன்னாரு." வயிற்றில் கை வைத்துக்கொண்டான். "சாவி இங்கேதான் இருக்கு."

பிறகு சுவரில் மாட்டியிருந்த முத்திரையை எடுத்து அடுப்பில் போட்டான். காய்ந்த மரம், சட்டென்று பிடித்துக்கொண்டது. அது சாம்பலாகிற வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அந்தப் பையன் செருப்பில்லாம ஓடினான், தெல்ஃபீனா," என்றான்.

ஏப்ரலில் போர் முடிந்தது. மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் எரால்தோவைச் சுவரோரம் நிறுத்திச் சுடச் சொன்னபோது குறுக்கே நின்றவன் செவெரோதான். "கோர்ட் பார்த்துக்கட்டும்," என்றான். தெல்ஃபீனா அந்த வார்த்தையை நம்பினாள். கோர்ட் என்றால் உண்மையைச் சொன்னால் போதும் என்று நினைத்தாள், பாவம்.

ஜூன் மாதம் நகரத்து நீதிமன்றத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. முதல் வரிசையில் கறுப்புத் துணி போட்ட கத்தலீனா. தெல்ஃபீனா எழுந்து நின்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"அந்த ரொட்டி இப்போ எங்கே, அம்மா?" என்றார் நீதிபதி.

"அதைத்தான் தின்னுட்டாருன்னு சொல்றேனே."

"முத்திரை?"

"எரிச்சுட்டாரு."

சிரிப்பு கிளம்பியது. நீதிபதி மேசையைத் தட்டிவிட்டு எரால்தோவைக் கேட்டார். எரால்தோ மனைவியைப் பார்க்கவில்லை. முதல் வரிசையைப் பார்த்தான்.

"அப்படி எதுவும் நடக்கலைங்க. என்னைக் காப்பாத்தணும்னு கதை கட்டுறா."

தெல்ஃபீனா தம்பி பக்கம் திரும்பினாள். அவனாவது, தான் தின்ற ரொட்டியில் சாவி இருந்தது என்று சொல்வான் என்று எதிர்பார்த்தாள். செவெரோ எழுந்தான். அவனும் முதல் வரிசையைப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான்.

பன்னிரண்டு வருஷம் தண்டனை விழுந்தது. அடுத்த கோடையில் பொதுமன்னிப்பு வந்து எரால்தோ வீடு திரும்பினான். வந்தவனுக்கு அவள் சூப் ஊற்றி வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து கேட்டாள்:

"கட்டின பொண்டாட்டியை ஊர் முன்னால பொய்க்காரி ஆக்கிட்டியே. ஏன்?"

"அந்தம்மா உட்கார்ந்திருந்தா."

"அதுக்கு?"

"அவ பையன் செத்த இடத்துல நின்னுக்கிட்டு நான் ரொட்டியைக் காப்பாத்தினேன், அதனால என்னை விட்டுருங்கன்னு அவ காதுபடச் சொல்லணுமா? அதைவிட ஜெயில் தேவலை."

"ஜெயிலுக்குப் போனது நீ ஒருத்தன்னு நினைச்சுக்கிட்டு இருக்கே," என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சூப்பைக் குடித்தான்.

ஆண்பிள்ளைகளுடைய மானம் இப்படித்தான். அதற்கான கூலியைப் பெரும்பாலும் வீட்டில் இருக்கிறவள்தான் கொடுக்கிறாள்.

எரால்தோ புது முத்திரை செதுக்கவில்லை. தெல்ஃபீனாவும் கேட்கவில்லை. அவளுடைய ரொட்டிகள் வெறுமனே உள்ளே போய் வெறுமனே வெளியே வந்தன. 'மொட்டை ரொட்டி' என்று பேர் வந்தது. மொட்டையாக இருப்பது அவளுடையது என்று ஊருக்கே தெரிந்ததால் குழப்பமும் வரவில்லை. அடுப்படியில் பெண்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். அவள் மூலையில் நின்று தன் முறை வந்ததும் தள்ளுவாள், வெந்ததும் எடுத்துக்கொண்டு போவாள். யாருடைய கோணல் முத்திரையையும் இப்போது கேலி செய்வதில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்த செவெரோ அந்த வாசற்படி ஏறவில்லை. வழியில் எதிர்ப்பட்டால் அவனும் எரால்தோவும் ஆளுக்கொரு பக்கம் விலகிப்போவார்கள்.

1961 அக்டோபரில் எரால்தோ நெஞ்சுச் சளியில் செத்தான். அடக்கத்தன்று செவெரோ கல்லறைத் தோட்டத்துக்குள் வரவில்லை. சுவருக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். சாயங்காலம் சமையலறைக் கதவைத் தட்டினான். தலை பாதி நரைத்திருந்தது.

"அக்கா, நான் பார்த்தேன்."

அவள் எரால்தோவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் ஓடலை. மேல் தட்டுல, கஷ்கொட்டைக்கு அடியில சாக்கைப் போர்த்திக்கிட்டுக் கிடந்தேன். பலகை இடுக்குல கீழே தெரிஞ்சது. மச்சான் வெட்டித் தின்னதைப் பார்த்தேன். மெல்றப்போ கண்ணுல தண்ணி வந்துச்சு. அப்புறம் ஒருதரம் மேலே பார்த்தாரு. என்னைப் பார்த்தாரா இல்லையான்னு இன்னி வரைக்கும் தெரியலை."

தெல்ஃபீனா சட்டையைக் கீழே வைத்தாள். அன்று எரால்தோ சொன்ன முதல் வார்த்தை அவளுக்கு நினைவு வந்தது: அவனை நான் பார்க்கலை. கேட்காமலே சொன்ன வார்த்தை. அந்த மனுஷனும் தன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"கோர்ட்ல ஏன்டா வாயடைச்சுப் போனே?"

"கத்தலீனா அத்தை என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. அர்துரின் செத்தான், நான் பிழைச்சேன். பிழைச்சவன் எந்திரிச்சு, சுட்ட கூட்டத்துல ஒருத்தன் நல்லவன்னு சொல்றதா? சொல்ல வரலை, அக்கா. இன்னிக்கு உன்கிட்டயாவது சொல்லிடணும்னு வந்தேன்."

"என்கிட்ட எதுக்குடா சொல்றே?" அவள் குரல் உடைந்து எழும்பியது. "எனக்குத்தான் தெரியுமே! தெரிஞ்சதை ஒருதரம் சொன்னதுக்குத்தானே பதினாறு வருஷம் மூலையில நிக்கிறேன்? உன் பாரத்தை இங்கே இறக்கி வச்சுட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்னு பார்க்குறியா? போ. யார்கிட்ட சொல்லணுமோ அங்கே போய்ச் சொல்லு."

அவன் போய்விட்டான். வருவான் என்று அவள் நினைக்கவில்லை.

நவம்பர் அடுப்பு முறையில் இரண்டாம் நாள். பெண்கள் பலகைகளில் மாவு உருண்டைகளை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஆண்கள் விறகு போட வருவார்களே தவிர, ரொட்டி போகிற நேரத்தில் அங்கே வருகிற வழக்கமில்லை. செவெரோ வந்து, அடுப்பு வாய்க்கு நேரே நின்று, தொப்பியைக் கழற்றினான். கிழவி கத்தலீனா கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, கோர்ட்ல நான் பொய் சொன்னேன்," என்று தொடங்கினான். பலகை இடுக்கு, கத்தி, சாவி, புளிக்கிறது என்ற பேச்சு, எல்லாவற்றையும் சொன்னான். "எங்க அக்கா சொன்னது அத்தனையும் நிஜம். நான் பார்த்தேன். பார்த்துட்டும் சும்மா இருந்தேன்."

தெல்ஃபீனா மூலையில் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினாறு வருஷமாக இந்த நிமிஷத்துக்குக் காத்திருந்தவள், இப்போது கிழவியின் முகத்தைப் பார்க்கப் பயந்தாள்.

கத்தலீனா கேட்டாள்:

"பாதி ரொட்டின்னு சொன்னியே. மீதியை யார் தின்னது?"

செவெரோவுக்குப் புரியவில்லை. "என்ன அத்தை?"

"அவ ரெண்டு ரொட்டி கொண்டுவந்தாள்ல? பாதிதான் மிச்சம் இருந்துச்சுன்னா, என் பையன் அன்னிக்குக் காலைல தின்னானா?"

"தின்னான், அத்தை. விடியறப்போ ரெண்டு பெரிய துண்டு. எனக்கு வச்சதையும் சேர்த்துத் தின்னுட்டு, 'உங்க அக்கா மாதிரி யாருக்கும் கைவராதுடா'ன்னான்."

கிழவி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "பசியோட போனான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்," என்றாள். "பதினேழு வருஷமா. வெறும் வயித்தோட ஓடினான்னு."

இரண்டு ஆண்பிள்ளைகள் அவளுக்காக வாயை மூடிக்கொண்டார்கள். அவள் கேட்க ஏங்கியது எதுவென்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

அழுது முடித்ததும் கத்தலீனா எழுந்து மூலைக்கு நடந்தாள். தெல்ஃபீனாவின் பலகையில் இருந்த எட்டு மொட்டை உருண்டைகளைப் பார்த்தாள். மடியிலிருந்து தன் முத்திரையை எடுத்தாள், அவள் வீட்டு முத்திரை சேவல். முதல் உருண்டையில் அதை அழுத்தினாள். கோணலாக விழுந்தது. முத்திரையைத் தெல்ஃபீனாவிடம் நீட்டினாள்.

"மீதியை நீ குத்து," என்றாள். "எனக்கப்புறம் இதுக்கு ஆள் இல்லை."

தெல்ஃபீனா வாங்கிக்கொண்டாள். ஏழு ரொட்டியிலும் சேவல் நேராக நின்றது. அந்த முதல் ரொட்டியை மட்டும் அவள் திருத்தவில்லை. அது வெந்து வந்ததும் துணியில் சுற்றி, வாசலில் தயங்கி நின்ற தம்பியின் கையில் கொடுத்து, "வீட்டுக்கு வா, சாப்பிடலாம்," என்றாள்.