நான் வெட்டியெறிந்த நான்கு நொடிகள்

நான் ஒரு வீடியோவை வெட்டினேன். கை தவறி அல்ல, வேண்டுமென்றே! முன்னால் இருந்த நான்கு நொடிகளை மட்டும். அதனால் ஒரு காளையின் பெயர் போயிற்று. பிறகு காளையே போயிற்று.

வருத்தப்படுகிறாயா என்று உடனே கேட்காதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்…

எங்கள் ஊர் விராலிமலைப் பக்கம். இங்கே ஜல்லிக்கட்டுக் காளைகளுக்கு ரசிகர்கள் உண்டு. ஒவ்வொரு காளைக்கும் ஒரு பக்கம், ஒரு பாட்டு, ஒரு கூட்டம். நான் இருந்த வாட்ஸ்அப் குழுவில் எனக்கென்று ஒரு மரியாதை இருந்தது. கொம்பை மட்டும் படமெடுத்துப் போட்டால் போதும், எந்த ஊர்க் காளை, எந்த வாடிவாசலில் நின்று விளையாடியது என்று நொடியில் சொல்லிவிடுவேன். “எம்.எஸ்சி. பிசிக்ஸ் படிக்கிற புள்ளைக்கு மாட்டுக் கொம்புல என்னடி ஆராய்ச்சி?” என்பாள் அம்மா.

இரண்டு வருடங்களுக்கு முன் என் மாமாவின் காளை பூச்சி, வாடிவாசலைத் தாண்டிய வேகத்தில் மிரண்டு எங்கோ ஓடிவிட்டது. இரண்டு நாட்களாக வீடு திரும்பவில்லை. குழுவில் சொன்னேன். முகம் தெரியாதவர்களெல்லாம் பைக்கில் தேடினார்கள். மூன்றாம் நாள் காலை நார்த்தாமலைப் பக்கம் ஒரு தைலமரக் காட்டில் கண்டுபிடித்தோம்.

அந்த இடத்திலிருந்தே நன்றி சொல்லி ஒரு குரல் பதிவு அனுப்பினேன். “அண்ணே… பூச்சி கெடைச்சிருச்சுண்ணே! என்னயப் பாத்துக்கிட்டே நிக்கிதுண்ணே…” அழுதுவிட்டேன். குரல் உடைந்து கீச்சென்று ஏறிவிட்டது.

குழுவை நடத்தியவன் ரஞ்சித். அந்தக் கீச்சை மட்டும் வெட்டி எடுத்தான். ஓர் ஆட்டுக்குட்டியின் வாயில் பொருத்தினான். பின்னணிக்குத் திருவிழாக் கடைப் பீப்பியின் ஊதல்! ஒரே நாளில் ஊரெல்லாம் பரவிவிட்டது.

எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். “ஏம்மா, சும்மா ஜாலிக்குத்தானே? இதுக்கெல்லாமா கோவிச்சுக்குவாங்க!” என்றான். பிறகு நான் கெஞ்சிக் கேட்டதையும் குழுவில் போட்டு இன்னொரு முறை சிரிக்க வைத்தான்.

டவுன் பஸ்ஸில் பின்சீட்டில் யாரோ அதைப் போடுவார்கள். பீப்பி ஊதும், என் அழுகை கேட்கும், பஸ் சிரிக்கும். அது நான்தான் என்று தெரியாமலேயே சிரிப்பார்கள். கல்லூரி ஆய்வகத்திலோ தெரிந்தே “ம்மே” என்பார்கள்.

குழுவும் மாறிப்போனது. பெண்கள் குரல் பதிவு அனுப்புவதை நிறுத்தினார்கள். கீரனூர்க்காரர் ஒருவர் காளையைத் தொலைத்துவிட்டு நான்கு நாட்கள் தனியாக அலைந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “எதுக்குப்பா, என்னையும் ஆடாக்கவா?” என்றாராம். அடுத்தவனைக் கேலி செய்ய மட்டும் எல்லோரும் வாய் திறந்தார்கள். முந்திக்கொண்டு சிரித்தால் தன் பக்கம் வராது என்ற பயம்!

நான் வெளியேறினேன். வேறொரு எண்ணில், ‘வாடிப்புயல்’ என்ற பெயரில் மறுபடி நுழைந்தேன். எல்லோரையும்விட வேகமாக, எல்லோரையும்விடக் கொடூரமாகக் கேலி செய்தேன். “அண்ணே, சிரிச்சுச் சாவுறோம்ணே” என்றார்கள். ஆம், நான் அண்ணனாகிவிட்டேன்! ரஞ்சித்தே என்னை அண்ணே என்றான்.

நான் காத்திருந்தேன்.

ரஞ்சித்தின் வீட்டுக் காளை துரை. மயிலை நிறம், வாள் போன்ற கொம்பு. யாரும் தொட்டதில்லை. அவன் தந்தைக்கு ஊரில் கிடைத்த பாதி மரியாதை அந்தக் காளையால் கிடைத்தது. இந்த வருடம் அது அவிழ்க்கப்பட்ட நாளில் வாடிக்கு மிக அருகில், மேடையின் ஓரத்தில் நான் இருந்தேன். கைப்பேசி ஓடிக்கொண்டிருந்தது.

துரை வெளியே பாய்ந்தது. வாடிக்குள்ளேயே அறுத்துவிட வேண்டிய மூக்கணாங்கயிறு முழுதாக அறுபடவில்லை. தொங்கிய நுனியைத் தன் முன்காலாலேயே மிதித்தது. தலை இழுபட்டு மண்டியிட்டது. அந்த நொடியில் ஒருவன் திமிலைத் தழுவிவிட்டான். “மாடு பிடிமாடு!” என்றது ஒலிபெருக்கி. கூச்சலிலும் புழுதியிலும் கூட்டத்தில் யாரும் கயிற்றைப் பார்க்கவில்லை. என் கைப்பேசியில் மட்டும் தெளிவாக இருந்தது.

கயிறு தெரியும் நான்கு நொடிகளை வெட்டினேன். மண்டியிட்டதிலிருந்து தொடங்கினேன். பின்னணிக்கு… அதே பீப்பி! “ஹோம்வொர்க் எழுதலையா, தொரை?” என்று தலைப்பிட்டு வகுப்பு வாசலில் முட்டி போட வைத்தேன்.

வாடிப்புயலாகக் குழுவில் போட்டேன். ஆகா, எப்படிப் பற்றியெரிந்தது தெரியுமா! ரஞ்சித் ஒரு குரல் பதிவு போட்டான். “கயிறு சிக்கிருச்சுப்பா… முன்னாடியிருந்து எடுத்தவங்க யாராச்சும் இருந்தா போடுங்கப்பா…” அவன் குரல் உடைந்தது. அரை மணிக்குள் அதுவும் ஆட்டின் வாயில் இருந்தது. அதைச் செய்தது நானில்லை. அவன் பழக்கிவிட்ட கூட்டம்!

பிறகு எனக்குத் தனியாக எழுதினான். “அண்ணே, நீங்க எடுத்ததுல முன்னாடி கொஞ்சம் இருக்குமாண்ணே? ஊரே சிரிக்குது. அப்பா வெளிய தலைகாட்ட மாட்டேங்கிறாரு. ஞாயித்துக்கிழமைக்குள்ள மாட்டக் குடுத்துறணும்ங்கிறாரு. அந்தக் கயிற மட்டும் காட்டிட்டா வீட்டுல வச்சுக்குவாரு அண்ணே.”

“இல்ல தம்பி. சும்மா ஜாலிக்குத்தானே, விடுங்க” என்று பதில் அனுப்பினேன்.

அந்த வரியைத் தட்டும்போது எவ்வளவு இனித்தது! இதையும் உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை திருக்கோகர்ணத்தில் பஸ்ஸில் ஏறினேன். இரண்டு சீட் முன்னால் ரஞ்சித். பின்னாலிருந்து பீப்பி ஊதியது. இருவருமே ஒரே கணத்தில் விலுக்கென்று திரும்பினோம். அது யாருடைய குரல், அவனுடையதா, என்னுடையதா? அவனுடையதுதான். என் முகம் அவனுக்குத் தெரியாது. ஆனாலும் என்னைப் பார்த்தான். சிரிக்காத ஒரே ஆள் என்பதால் பார்த்திருப்பான். நன்றியோடு பார்த்தான்!

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்னும் இரண்டு நாட்கள் இருந்தன. அந்த நான்கு நொடிகளைப் போட்டிருக்கலாம். ஒருமுறை விரல் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் போட்டால் என்னாகும்? “இவ்வளவு நாள் எங்க இருந்துச்சு?” என்பார்கள். வாடிப்புயல் யார் என்று தோண்டுவார்கள். மறுபடி அந்த ஆட்டுக்குட்டி… என் அழுகை… அந்தச் சிரிப்பு! முடியாது. ஒரு காளை போனால் போகட்டும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை துரை வண்டியேறியது. வளர்க்கவா, வெட்டவா என்று குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ரஞ்சித் குழுவை விட்டுப் போய்விட்டான். பாதி மனம் இன்னமும் சொல்கிறது, வேண்டும் அவனுக்கு, நன்றாக வேண்டும்! மீதிப் பாதிதான் கைப்பேசியைத் திறக்கிறது.

அந்த நான்கு நொடிகளை நான் அழிக்கவில்லை. தினமும் ஒருமுறையாவது எடுத்துப் பார்க்கிறேன். காளைக்குப் பின்னால், வாடிக்குள்ளிருந்து ரஞ்சித் ஓடிவருவது தெரியும். வாய் பிளந்து கத்துவான். “கயிறு! கயிறு கெடக்குய்யா!” கடைசியில் அவன் குரல் உடைந்து கீச்சென்று ஏறும்.

ஒரே ஒரு முறைதான் அதைக் கேட்டேன். இப்போதெல்லாம் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறேன்.