நாலாவது கேள்வி

தென்காசியில் ஒரு பரிசோதனை நிலையத்துக்காகப் பன்னிரண்டு வருஷமாக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறாள் முத்துச்செல்வி. ஊசியைத் தொடும் முன்னால் நாலு கேள்வி கேட்பாள். பெயர் என்ன, வயது என்ன, காலையில் ஏதாவது சாப்பிட்டாயிற்றா, வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள். நாலாவது கேள்விக்கு இந்த ஊரில் எவரும் உண்மை சொன்னதில்லை என்பது அவளுடைய தீர்மானமான அபிப்பிராயம்.

அன்று சாரலில் நனைந்துகொண்டே குத்துக்கல்வலசையில் இருக்கும் ஷரீபுன்னிசா வீட்டுக்கு மூன்றாவது தடவையாகப் போனாள். ஷரீபுன்னிசாவுக்குத் தைராய்டு சுரப்பு குறைவு. ஆனால் ஆறு மாதமாக ரிப்போர்ட் தலைகீழாக, சுரப்பு கூடிவிட்டது போலவே வந்துகொண்டிருந்தது. டாக்டரும் மாத்திரையை நூறிலிருந்து எழுபத்தைந்து, அதிலிருந்து ஐம்பது என்று இறக்கிவிட்டார். அவளோ நாளுக்கு நாள் சோர்ந்து போனாள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. இந்தத் தடவை இரும்புச்சத்து, வைட்டமின் டி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். துபாயிலிருந்து கணவர் மசூது லீவில் வர நாற்பது நாள்தான் இருந்தது.

"அவிய வந்து பாத்தா என்ன நெனைப்பாவ, செல்வி? முக்காட்டை எடுக்கவே பயமா இருக்கு."

"எல்லாம் சரியாயிரும்க்கா. வேற மாத்திரை எதும் போடுதியளா?"

"ஒண்ணும் கிடையாது."

ரத்தம் எடுத்து முடித்தாள். வந்தவளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று ஷரீபுன்னிசாவின் மாமியார் உள்ளேயிருந்து ஒரு டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினார். "துபாய் மிட்டாய், தின்னு."

"மாமி, அது வேண்டாம்!" என்று பதறிப்போய்ப் பறிக்க வந்தாள் ஷரீபுன்னிசா.

முத்துச்செல்வி டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். முடி வளர்வதற்கான பயோட்டின் வைட்டமின், மிட்டாய் வடிவத்தில். விசாரித்தால், ஷரீபுன்னிசாவின் தம்பி மன்சூர் துபாயிலிருந்து ரகசியமாகக் கொடுத்துவிட்டது. ஒரு நாளைக்கு நாலு என்று ஆறு மாதமாகத் தின்றிருக்கிறாள்.

"கேட்டேனே, ஏன்க்கா சொல்லல?"

"இது மாத்திரை இல்லையே. இனிக்குதே!"

முத்துச்செல்விக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. பயோட்டின் உடம்பில் அதிகம் இருந்தால் அவர்கள் நிலையத்து மிஷின் ஏமாந்துபோய்த் தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டும். மிட்டாயால் ரிப்போர்ட் தப்பு, ரிப்போர்ட்டால் மாத்திரை குறைந்தது, மாத்திரை குறைந்ததால் முடி கொட்டியது, முடி கொட்டியதால் இன்னும் மிட்டாய். பாவம், அவள் தன் தலையில் தானே கை வைத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்றபடியே டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னாள் முத்துச்செல்வி. ரத்தம் மட்டும் எடு, வைத்தியம் பார்க்காதே என்று முதலாளி கண்டித்திருந்தது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. வந்திருந்தாலும் போட்டிருப்பாள்.

டாக்டர் மிட்டாயை நிறுத்தச் சொல்லி, ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்தார். சுரப்பு அதல பாதாளத்தில் கிடந்தது. மாத்திரை பழையபடி நூறாயிற்று. இரும்புச்சத்தும் குறைவு என்று அதற்கொரு மாத்திரை, தைராய்டு மாத்திரை போட்டு நாலு மணி நேரம் கழித்துப் போடச் சொன்னார். சோர்வு கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. முடிக்கு ஒரு மாதம் எந்த மூலைக்கு? மசூது வந்து இறங்கியபோதும் ஷரீபுன்னிசா முக்காட்டை விலக்கவில்லை.

வந்த நாலாம் நாள், தனக்கும் தைராய்டு, வைட்டமின் எல்லாம் பார்க்க வேண்டும் என்று மசூது ஆள் வரச் சொன்னார். முத்துச்செல்விதான் போனாள். வீட்டுக்குள்ளும் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

"வேற மாத்திரை எதும் போடுதியளா அண்ணாச்சி?"

மசூது அடுப்பங்கரைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மாத்திரை இல்லம்மா. மச்சினன் மன்சூர் ஒரு மிட்டாய் வாங்கித் தந்தான். ஷரீபுக்குத் தெரியப்படாது." தொப்பியைக் கழற்றிக் காட்டினார். உச்சி மொத்தமும் வெட்டவெளி.

முத்துச்செல்வி ஊசியை மூடிப் பைக்குள் வைத்தாள். "அக்கா, இங்கன கொஞ்சம் வாங்க!"

தொப்பியைத் திரும்ப வைக்க மசூதுக்கு நேரம் கிடைக்கவில்லை. அடுப்பங்கரை வாசலில் வந்து நின்ற ஷரீபுன்னிசா அந்தத் தலையையே பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. பிறகு தன் முக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, "இங்கயும் பாருங்க," என்றாள்.