கிளினிக் கிழமைக்கு மட்டும் கீரை

போன வருசம் மாரி தொடங்கும் நேரம், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் நடந்த கதை இது. அதற்குச் சில மாதம் முன்புதான் என் கணவருக்கு இதயத்தில் ஒரு வால்வை மாற்றியிருந்தார்கள். செயற்கை வால்வு என்றபடியால் அதில் இரத்தம் கட்டிபடாமல் இருக்க ஆயுள் முழுக்க மருந்துக் குளிசை. அந்தக் குளிசையில் ஒரு சிக்கல். கூடினால் இரத்தம் தண்ணீராகி எங்காவது வழியத் தொடங்கும். குறைந்தால் கட்டிபட்டு மூளைக்குப் போய் அடைக்கும். இரண்டுமே ஆளை முடித்துவிடும். ஆகவே மாதாமாதம் கிளினிக்கில் இரத்தம் சோதித்து, அதற்கேற்றபடி குளிசையைக் கூட்டிக் குறைப்பார்கள்.

சாப்பாட்டில் கவனம், எதையும் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்று முதல் நாளே நேர்ஸ் சொன்னார். எங்கள் காதில் விழுந்தது முதல் பாதிதான். சாப்பாட்டில் கவனம் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்: இறைச்சி கெட்டது, எண்ணெய் கெட்டது, கீரை நல்லது.

என் கணவர் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுதிய பரீட்சை எல்லாவற்றையும் கடைசிக் கிழமையின் ஏழு நாளில் விழுந்து விழுந்து படித்தே பாஸ் பண்ணியவர். அதில் பெருமை வேறு. கிளினிக்கையும் அந்த மனுசன் பரீட்சையாகத்தான் எடுத்துக்கொண்டார். மாதத்தில் மூன்று கிழமை காலி வீதிக் கடைகளின் மட்டன் ரோல்ஸும் கொத்துரொட்டியும். நான் கத்தினால், "இஞ்சாரும், கிளினிக்குக்கு இன்னும் நாள் கிடக்குத்தானே" என்பார். கடைசிக் கிழமை வந்ததும் ஆள் முனிவர். காலையில் இலைக்கஞ்சி, மத்தியானம் வல்லாரைச் சம்பல், இரவில் பொன்னாங்காணி வறை. மார்க்கெட்டில் கீரை விற்கிற பெண் என்னைத் தூரத்தில் கண்டதுமே கட்டுகளை எடுத்து வைப்பாள். இந்த ஒரு கிழமையாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாரே என்ற சந்தோசத்தில் நானும் கஞ்சிக்குத் தேங்காய் முதற்பால் தாராளமாக விட்டு, சம்பலுக்குப் பாதித் தேங்காய் துருவி, ஆசை ஆசையாகச் செய்து கொடுத்தேன்.

ரிசல்ட் ஒவ்வொரு முறையும் பெயில். இரத்தம் தடிப்பாக இருக்கிறது என்று குளிசையைக் கூட்டினார்கள். இவருக்கு அவமானம். கீரை போதாது போல என்று அடுத்த முறை முருங்கையிலையையும் சேர்த்துக்கொண்டார். சாப்பாட்டில் ஏதும் மாற்றமோ என்று டொக்டர் கேட்கும்போதெல்லாம், "இல்லை டொக்டர், எப்பவும் மரக்கறிதான்" என்று கூசாமல் சொல்வார். பக்கத்தில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறத்தியாருக்கு முன்னால் புருசனைக் காட்டிக்கொடுக்க முடியுமா, சொல்லுங்கள்.

இப்படியே குளிசை ஏறிக்கொண்டு போனது. ஒரு கிளினிக் முடிந்து இரண்டு கிழமை இருக்கும். காலையில் பல் தீட்டிக்கொண்டிருந்தவருக்கு மூக்கால் இரத்தம் வந்தது. பொத்திப் பிடித்தால் நின்றுவிடும் என்று பார்த்தோம். ஒரு துவாய் நனைந்தது, அடுத்த துவாயும் நனையத் தொடங்கியது, இரத்தம் நிற்கவில்லை. எப்படியோ கீழே இறக்கி ஓட்டோவில் ஏற்றினேன். ஓட்டோக்காரர் கண்ணாடியில் இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நோனாத கெஹுவே மாத்தயா?" என்று சிங்களத்தில் கேட்டார். மனுசியா அடித்தது என்று கேட்கிறார். மூக்கில் துவாயோடு இவர் ஓம் என்று தலையாட்டினார். உயிர் போகிற நேரத்திலும் அந்த மனுசனுக்குப் பகிடி. அழுதுகொண்டே நான் அவர் தொடையில் கிள்ளினேன். கொஞ்ச நேரத்தில் சில்லிட்டுப்போன கை ஒன்று என் கையைத் தேடிப் பிடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அதை நான் விடவில்லை.

அங்கே மூக்கை அடைத்து, இரத்தம் சோதித்து, ஊசியில் ஏதோ மருந்து ஏற்றினார்கள். இரத்தம் நின்றது. பின்னேரம் எங்கள் கிளினிக் டொக்டரே பார்க்க வந்தார், சின்ன வயதுப் பெண். இரண்டு ரிப்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கிளினிக்கில பார்க்கேக்க இரத்தம் தடிப்பு. இண்டைக்கு ஒரே தண்ணி. இடையில என்ன நடந்தது அங்கிள்?"

"ஒண்டும் இல்லை டொக்டர். அதே மரக்கறிதான்."

எனக்கு வந்ததே கோபம். "மரக்கறியோ? ராத்திரிச் சாப்பிட்ட கொத்தும் மரக்கறியோ? டொக்டர், இந்த மனுசன் கிளினிக் வாற கிழமை மட்டும்தான் ஆடு மாதிரி இலை தின்னுறது. மிச்ச நாளில ஆட்டையே தின்னுறது."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். சிரித்து முடித்துத்தான் விளக்கினார். இரத்தத்தை உறைய வைக்கும் சாமான்களை ஈரல் செய்து முடிக்க விட்டமின் கே வேண்டுமாம். அந்த வேலையை மறித்து மெதுவாக்குவதுதான் குளிசை. கீரையில் நிறைந்து கிடப்பதும் அதே விட்டமின் கே.

"ஏ, டி, ஈ, கே நாலும் கொழுப்பில கரையிற விட்டமின் அன்ரி. கொழுப்போட சேர்ந்தால்தான் குடல் நல்லா உறிஞ்சும். நீங்கள் தேங்காய்ப்பாலும் விட்டு, மாலை போட்டு உள்ளுக்கு அனுப்பியிருக்கிறீங்கள்."

ஆக, கிளினிக் கிழமையில் கீரை குளிசையை வெல்லும், டொக்டர் குளிசையைக் கூட்டுவார். வீட்டுக்கு வந்து இவர் ரோல்ஸுக்குத் திரும்பியதும், கூட்டிய குளிசைக்கு எதிர்த்து நிற்க ஒரு இலையும் இருக்காது. காலையில் ஊசியில் ஏற்றியது என்ன மருந்து என்று கேட்டேன். விட்டமின் கே தானாம். நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன்.

"அப்ப, கீரையை விடட்டோ?" என்று இவர் ஆசையோடு கேட்டார்.

"விடக்கூடாது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம், ஒரே அளவா. எனக்கு நல்ல மனுசன் தேவையில்லை அங்கிள். எப்பவும் ஒரே மனுசன் வந்தால் போதும். அந்த மனுசனுக்கு ஏற்ற மருந்தை நான் தருவன்."

இப்போது தினமும் ஒரு கரண்டி வறை. எப்போதாவது ஒரு ரோல்ஸ், அதையும் டொக்டரிடம் தானாகவே சொல்லிவிடுகிறார், பாவமன்னிப்புக் கேட்பதுபோல இல்லை, கொஞ்சம் பெருமையாகவே. கலியாணம் கட்டின நாள் முதல் இவரை நல்ல மனுசனாக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் அந்த ஓட்டோவில் அவர் கை என் கையைப் பிடித்தபோது, பொய்யும் பகிடியுமாக இருந்த அதே மனுசன் வீட்டுக்குத் திரும்பி வந்தால் போதும் என்றுதான் கும்பிட்டேன். இன்றைக்கும் அவரோடு சண்டை தொடங்கும்போதெல்லாம் அந்தக் குளிர்ந்த கை ஞாபகம் வந்து, பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன்.