ரெண்டு மணி நேரம்

என் கணவருக்குக் கடைத்தெருவில் ‘ரெண்டு மணி’ என்று பெயர். கார் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுப்பது எங்கள் தொழில். எவ்வளவு நேரமாகும் என்று யார் கேட்டாலும் ரெண்டு மணி நேரம் என்பார். பாதி இறங்கிய பேட்டரிக்கும் அதே பதில், அடியோடு செத்த பேட்டரிக்கும் அதே பதில். எதிரில் நிற்பவர் முகம் வாடுவதை அவரால் பார்க்க முடியாது. பழகியவர்கள், “ரெண்டு மணியா? சரிண்ணே, நாளைக்குக் காலைல வர்றேன்” என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள்.

நான் உள்ளே உட்கார்ந்து, எடுக்க வேண்டிய நேரத்தை ஒவ்வொரு பேட்டரி மேலும் சாக்பீஸால் எழுதுவேன். வாடிக்கையாளர்களிடம் பேசியதில்லை. கணக்கு ஒன்றும் பெரிதில்லை. பேட்டரியில் அறுபது என்று போட்டிருக்கும். எங்கள் சார்ஜர் மணிக்கு ஐந்து ஏற்றும். வகுத்தால் பன்னிரண்டு மணி நேரம். சூடாகி வீணாகும் மின்சாரத்துக்கு ஈடாக இன்னும் இரண்டு.

அன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு டாக்சி டிரைவர் அறுபது பேட்டரி ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தார். புது ஆள். பேட்டரியில் உயிரே இல்லை.

“அஞ்சு மணிக்குக் கம்பெனி வாசல்ல நிக்கணும்ணே. போன வாரமே ஒரு நாள் லேட்டு. இன்னைக்கும் போகலைன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க.”

“ரெண்டு மணி நேரத்துல ஆயிரும் தம்பி.”

நான் பேட்டரி மேல் ‘இரவு 11’ என்று எழுதி, எழுத்துத் தெரியாதபடி சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

காலை பதினோரு மணிக்கு டிரைவர் வந்தார். “இன்னும் கொஞ்சம்” என்றார் இவர். ஒரு மணிக்கும் வந்தார். “இதோ ஆச்சு.” டிரைவர் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். கை வைக்காமலே மூடிவிட்டார்.

“அஞ்சு மணிக்குள்ள ஆகாதுங்க. ராத்திரி பதினொண்ணாயிடும்” என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

“காலைலயே சொல்லியிருக்கலாமேக்கா.”

என் கணவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எங்கள் வேனின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து நீட்டினார்.

“இதை மாட்டிட்டுப் போங்க. நாளைக்குக் கொண்டு வாங்க.”

சாயங்காலம் வீட்டுக்கு நடந்தோம். மூன்று மைல். இவர் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார்.

“நீ சொன்னப்ப அவன் மூஞ்சியப் பாத்தியா?”

“பாத்தேன். நீங்க ரெண்டுன்னு சொன்னப்பவும் பாத்தேன்.”

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “இனிமே மணி கேட்டா நீயே சொல்லிடு. என்னால முடியாது” என்றார்.

மறுநாள் பேட்டரி திரும்பி வந்தது. நேரத்துக்குப் போய்விட்டதாக டிரைவர் இவரிடம்தான் சொன்னார். அடுத்து வந்தவர் எவ்வளவு நேரம் என்றார். இவர் குனிந்து, ஏற்கெனவே துடைத்த பேட்டரியையே துடைத்துக்கொண்டிருந்தார்.

“பதினாலு மணி நேரம்” என்றேன். அந்த முகம் வாடியதை நான்தான் பார்த்தேன். பொழுது சாய்வதற்குள் இன்னும் ஆறு பேர் வந்தார்கள்.