கடைசி அங்கத்துக்கு ஒரு நாள்

லோர்னா கெஸ்டிக்கு வேலையை விட மனமில்லை, அதனால்தான் அந்த ஜனவரியில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினாள் என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். போன ஞாயிறு தேவாலயத்துக் காப்பி மேஜையிலும் ஒருத்தி சொன்னாள். அது அப்படியில்லை. அவள் விடத்தான் இருந்தாள். கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தாள். கண்ணாடி இல்லாமல் எனக்கு எழுத்து தெரியாது என்பதால் என் டிரக்கில் உட்கார்ந்து அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். மூன்று வரி. முப்பத்தோரு வருஷ வேலைக்கு மூன்று வரி.

அவள் எங்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். நான் அதே பள்ளியின் சமையலறையில் இருந்தேன். குளிர்காலத்தில் அவள் காரை வெளியே எடுக்கமாட்டாள். சுப்பீரியர் ஏரியை ஒட்டிப் போகும் சாலை பனியில் அப்படி வழுக்கும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை காலையிலும் மாலையிலும் என் டிரக்கில்தான் வருவாள். அவள் கணவன் வால்ட் இருந்தவரை அவன் கொண்டுவந்து விட்டான். அவன் இறந்தபிறகு நான். அவள் ஏறும்போதே பேச ஆரம்பிப்பாள். அந்த வருஷம் மட்டும் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு நாளைக்கு ஐந்து வகுப்பு, நூற்று முப்பது பிள்ளைகள். வாசிக்கச் சொன்னால் வாசிக்கமாட்டார்கள், அதனால் எல்லாப் பாத்திரத்தையும் அவளே வாசிப்பாள். ராஜாவும் அவள், சூனியக்காரியும் அவள், கொலைகாரனும் அவள். சாயங்காலம் தொண்டை கட்டிப்போய்விடும். வீட்டுக்குப் போய்க் கட்டுரை திருத்துவாள். அரிசோனாவில், டூசான் நகரத்தில், அவள் அக்கா ரூத் ஒரு அறையைச் சுத்தம் செய்து வைத்துவிட்டு மூன்று வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"போய்த் தொலையேன்டி. அங்க ஜனவரியில எலுமிச்சை காய்க்குதாம்" என்றேன்.

"நாடகம் முடியட்டும். வெள்ளிக்கிழமை கடைசி அங்கம். மணி அடிச்சதும் ப்ரூனெல் கையில கடிதத்தக் குடுத்துட்டு வரேன்."

ப்ரூனெல் எங்கள் பிரின்சிபால். நாடகம், ஷேக்ஸ்பியருடையது. ராஜாவைக் கொன்றுவிட்டுத் தானே ராஜாவாகிறவனின் கதை. பதினோராம் வகுப்புக்கு வருஷா வருஷம் டிசம்பரில் அதுதான். லோர்னாவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. நாடகம் குளிர்கால விடுமுறையைத் தாண்டக்கூடாது. இரண்டு வாரம் கழித்து வந்தால் யார் யாரைக் கொன்றார்கள் என்பதுகூடப் பிள்ளைகளுக்கு மறந்துபோகும் என்பாள். முப்பத்தோரு டிசம்பரில் ஒரு தடவைகூடத் தாண்டவிட்டதில்லை.

அந்த வாரம் திங்கள் முதலே பனி. எங்கள் பள்ளி இரண்டடி பனிக்கெல்லாம் மூடாது. சங்கிலி கட்டிய சக்கரத்தோடு பேருந்துகள் வந்துகொண்டிருந்தன. மதியம் இரண்டு மணிக்கு எனக்குப் பாத்திரம் கழுவும் வேலை முடியும். அப்போது அவளுடைய கடைசி வகுப்பின் பின்வரிசையில் போய் உட்காருவேன். எனக்கு அந்த நாடகம் பிடிக்கும். அதில் ஒருத்தருக்கும் நல்ல தூக்கம் கிடையாது.

வியாழக்கிழமையும் போனேன். வெள்ளிக்கிழமை கடைசிச் சண்டையைப் பிள்ளைகளே எழுந்து நின்று நடத்தவேண்டும் என்று சமையலறையிலிருந்து ஆறு பெரிய பானை மூடி கேட்டிருந்தாள், கேடயத்துக்கு. அதையும் கொண்டுபோனேன். ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை, வெள்ளைதான். இருபத்துநாலு பிள்ளைகளில் பாதிப்பேர் மேஜைமேல் தலை வைத்திருந்தார்கள். லோர்னா நிற்க முடியாமல் மேஜை ஓரத்தில் சாய்ந்திருந்தாள்.

"ராஜாவைக் கொன்னவன் இப்போ எங்க இருக்கான்?" என்று கேட்டாள்.

"கோட்டையில" என்றான் வைலன். மரம் அறுக்கும் ஆலைக்காரர் மகன். வாய் சும்மா இருக்காது.

"என்ன நினைச்சிட்டிருக்கான்?"

"எதுக்கு இத ஆரம்பிச்சோம்னு நினைச்சிட்டிருப்பான். நாங்களும் அதான் நினைக்கிறோம்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். லோர்னா சிரிக்கவில்லை. "சரி. அவன் அப்படி நினைக்கிற வரி எது? கண்டுபிடி" என்றாள்.

அவன் புத்தகத்தைப் புரட்டுவதற்குள் ஒலிபெருக்கி அலறியது. ஹாக்கி ஆட்டக்காரர்கள் எல்லாரும் உடனே பேருந்துக்கு வரவேண்டும். ஐந்து பேர் எழுந்தார்கள்.

"பஸ்ல வாசிச்சிட்றோம் மிஸஸ் கெஸ்டி."

"நீங்க பஸ்ல தூங்குவீங்க. போங்க. விழுந்து பல்ல உடைச்சுக்காதீங்க."

கதவு மூடியதும் தெஸ்ஸா லாம்பி கை தூக்கினாள். வருஷம் முழுக்க வாயைத் திறக்காத பெண். அம்மாவின் ரொட்டிக்கடையில் காலை நாலு மணிக்கே எழுந்து வேலை செய்துவிட்டு வருவாள். மற்றப் பிள்ளைகள் சோம்பலில் தூங்குவார்கள், அவள் நிஜமாகவே களைத்துத் தூங்குவாள்.

"அவன் கடைசியில செத்துப்போவானா மிஸ்?"

"நாளைக்கு ரெண்டு மணிக்கு வா."

"இப்பவே சொல்லுங்களேன்."

"சொல்றதில்ல. அவசரம்னா போன்ல தேடிப் பாத்துக்கோ."

தெஸ்ஸா யோசித்தாள். "வேணாம். நாளைக்கே பாக்கறேன். அவன் ஜெயிக்கணும்னு இல்ல. அவனுக்கு ஒரு நாளாவது தூக்கம் வரணும்."

லோர்னா சாய்ந்திருந்த மேஜையை விட்டு நிமிர்ந்தாள்.

மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது பைஜாமா பேச்சு வந்தது. படுக்கப்போகும்போது பைஜாமாவின் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டால் மறுநாள் பனி கொட்டிப் பள்ளி மூடிவிடும் என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் நம்பிக்கை. சிலர் தலையணைக்கடியில் கரண்டியும் வைப்பார்கள்.

"எங்க வீட்டுல நாய்க்குக்கூட ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டாச்சு" என்றான் வைலன்.

"இன்னிக்கு ஒருத்தரும் எதையும் திருப்பிப் போடக்கூடாது. நாளைக்கு நாம முடிச்சாகணும்" என்றாள் லோர்னா. குரல் உடைந்தே போயிருந்தது. பிள்ளைகள் அதைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டார்களா, வேடிக்கை என்று எடுத்துக்கொண்டார்களா, தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு டெலிபோன். ப்ரூனெலின் பதிவு செய்த குரல். காற்று அதிகம், பனி தள்ளும் வண்டிகளே சாலையில் மாட்டிக்கொண்டன, பள்ளி இன்று கிடையாது, எல்லாருக்கும் விடுமுறை வாழ்த்து. நான் அதற்குள் பூட்ஸ் மாட்டியிருந்தேன். பள்ளிக் குளிர்சாதன அறையில் விடுமுறை விருந்துக்காக உறைபனி இளக்கி வைத்த இருபத்திரண்டு வான்கோழிகள் கிடந்தன. அதை நினைத்துத்தான் முதலில் திட்டினேன். அப்புறம்தான் கடைசி அங்கம் ஞாபகம் வந்தது.

பத்து நிமிஷத்தில் லோர்னா கூப்பிட்டாள்.

"ஹில்யா, தப்பு என்மேல."

"என்ன தப்பு?"

"நேத்து நைட்டியைத் திருப்பிப் போட்டுட்டுப் படுத்தேன்."

"உனக்கு ஐம்பத்தெட்டு வயசு, லோர்னா."

"தெரியும். தலை வழியா மாட்டும்போது தோணுச்சு. ஒரே ஒரு நாள் எழுந்திருக்காம கிடக்கணும்னு இருந்துச்சு."

"கடைசி அங்கத்த நினைக்கலையா?"

"நினைக்கல. அதான் பயமா இருக்கு. பிள்ளைங்ககிட்ட அவ்ளோ சொல்லிட்டு வந்தேனே, வீட்டுக்கு வந்ததும் சுத்தமா மறந்துட்டேன். இதுவரைக்கும் ஒரு தடவகூட மறந்ததில்ல."

நைட்டியால் பனி கொட்டுமா என்று கேட்காதீர்கள். கொட்டாது. அவளுக்கும் அது தெரியும். ஆனால் அவள் அழுதுகொண்டிருந்தாள், நைட்டிக்காக இல்லை.

சனிக்கிழமை எங்கள் வீட்டில் சவுனா மூட்டுவோம், நீராவிக் குளியலுக்கு. ஃபின்லாந்திலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்கு அது இல்லாமல் வாரம் முடியாது. சாலை திறந்துவிட்டார்கள், போய் அவளை அழைத்துவந்தேன். பலகைமேல் இரண்டுபேரும் உட்கார்ந்தோம். அடுப்பில் சுட்ட கல்மேல் தண்ணீர் ஊற்றினேன்.

"கடிதத்தத் தபால்ல போட்டுடு. இனி நேர்ல போய்க் குடுக்கணும்னு ஒண்ணுமில்ல" என்றேன்.

"போட்டுடலாம்."

"டிக்கெட் எடுத்தாச்சு இல்ல?"

"இருபத்தெட்டாம் தேதிக்கு."

"அப்புறம் என்ன?"

அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். "ஜனவரியில என் வகுப்புக்கு ஹோய்ட்டைப் போடுவாங்க."

ஹோய்ட் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். யாராவது வராவிட்டால் வந்து உட்காருவார். படம் போட்டுவிட்டுக் குறுக்கெழுத்து நிரப்புவார்.

"படம் போடுவாரு. போடட்டுமே. கதைதானே, தெரிஞ்சுக்குவாங்க" என்றேன்.

"ஆமா. தெரிஞ்சுக்குவாங்க."

நான் இன்னொரு கரண்டித் தண்ணீர் ஊற்றினேன். ஆவி எழும்பி அடங்கியது.

"தெஸ்ஸா போன்ல பாக்காம இருக்கா, ஹில்யா. அந்தப் பொண்ணு ரெண்டு வாரம் பாக்காம இருப்பா. எனக்குத் தெரியும்."

"அதுக்கு நீ என்ன பண்ணுவ? அவ ஒருத்திக்காகச் செத்துப்போவியா?"

"மூணு நாள்தான். முடிச்சுக் குடுத்துட்டு அன்னிக்கே போயிட்றேன்."

நான் போகத்தான் சொன்னேன். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். தூக்கமில்லாமல் நிற்கிறவளைப் போகவிடாமல் யார் தடுப்பார்கள்? அவள் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டாள். ரூத் போனில் கத்திய கத்தல் ஹாலில் இருந்த எனக்கே கேட்டது.

ஜனவரி ஆறாம் தேதி டிரக்கில் ஏறினாள். அன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டாள். மதியம் இரண்டு மணிக்கு நான் பின்வரிசையில் இருந்தேன். அவள் பயந்தபடியே ஆயிற்று. ஒருத்தருக்கும் ஒன்றும் ஞாபகமில்லை. வைலன், கொன்றவனின் மனைவி ஏற்கெனவே செத்துவிட்டாள் என்று சத்தியம் செய்தான். அதற்கு இன்னும் நேரம் இருந்தது. தெஸ்ஸாவுக்கு மட்டும் எல்லாம் தெரிந்தது. ஆனால் அவள் எழுந்து சொல்லவில்லை, லோர்னா கேட்டால்தான் சொன்னாள்.

லோர்னா நாலாம் அங்கத்தை மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். மூன்று நாள் என்றது ஆறு நாளாயிற்று. அவள் குரல் திரும்பிவரவில்லை, அதனால் பிள்ளைகள் வாசிக்கவேண்டியதாயிற்று. நன்றாக வாசித்தார்கள் என்று சொல்லமாட்டேன். திக்கினார்கள், வரியைத் தாண்டினார்கள், பானை மூடியைக் காலில் போட்டுக்கொண்டார்கள். கடைசியில் அவன் செத்தான். தெஸ்ஸா புத்தகத்தை மூடிவிட்டு, "சரிதான்" என்றாள். அவ்வளவுதான். மணி அடித்தது.

அப்போதுதான் அது நடந்தது. நானே பார்த்தேன், அதனால் ஊரார் பேச்சுக்கு என்னிடம் இடமில்லை. பிள்ளைகள் வரிசையாக வெளியே போகும்போது லோர்னா கதவோரம் நின்று நாடகப் புத்தகத்தை வாங்கி ஒரு பக்கம் அடுக்கினாள். இன்னொரு பக்கம் அலமாரியில் இருந்த அடுத்த புத்தகத்தை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் வைத்தாள். முப்பத்தோரு வருஷமாக அப்படித்தான் செய்கிறாள், ஒன்றை வாங்கினால் ஒன்றைக் கொடுப்பாள். இருபத்துநாலு புத்தகமும் போனபிறகுதான் காலி அலமாரியைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் டிரக்கில் ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ப்ரூனெலைப் பாத்தியா?" என்றேன்.

"இல்ல."

"எப்போ பாக்கப்போற?"

"ஜூன்ல, வருஷப் படிப்பு முடிஞ்சதும்."

"அடிப்பாவி. உன் அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் ஒண்ணும் முடிவு பண்ணல ஹில்யா. கையே எடுத்துக் குடுத்திடுச்சு. குடுத்ததத் திரும்ப வாங்க முடியல." குரல் காற்றாகத்தான் வந்தது. "ரொம்ப அசதியா இருக்கு."

நான் இன்னும் இரண்டு வார்த்தை திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அவள் தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்துவிட்டது. ஏரிச்சாலையில் மெதுவாகவே ஓட்டினேன். அவள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். எழுப்பவில்லை. என்ஜினை அணைக்காமல், சூடு போகாமல், அரைமணி நேரம் அப்படியே இருந்தோம்.