காற்றுக் குறைந்த நாலு சில்லு

எங்கள் சித்தப்பாவுக்கு எதையும் இறுக்கித்தான் பழக்கம். உழவு இயந்திரம் திருத்துகிற மனிதன். அவர் பூட்டிய நட்டை இன்னொருவர் கழற்றுவதென்றால் குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தண்ணீர்ப் போத்தல் மூடியைக்கூட அவர் மூடினால் நாங்கள் தாகத்தோடு படுக்க வேண்டியதுதான். அப்படிப்பட்டவர் ஒரு காரைத் தளர்த்தப் பாடுபட்டார் என்றால், அது சித்திக்காக மட்டும்தான்.

சித்தி முள்ளிவாய்க்கால் கரையில் பிறந்து வளர்ந்தவா. எங்கள் வட்டக்கச்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவா. அவாவின் முதுகில் சண்டைக்காலத்து ஷெல் துண்டு ஒன்று இருந்தது. எடுத்தால் கால் போகும், விட்டால் நோகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். வீட்டுக்குள்ளே சுவரைப் பிடித்து நடப்பா, குசினியில் கதிரையில் இருந்தபடி சமைப்பா, எல்லோரையும் நக்கலடிப்பா. ஆனால் குலுங்கினால் சரி, முடிந்தது கதை. ஒருமுறை பஸ்ஸில் ஏறிப் பரந்தன் சந்திவரைகூடப் போய்ச் சேராமல் திரும்பி வந்து, கனநாள் பாயோடு கிடந்தா. அதற்குப் பிறகு எங்கும் போகவில்லை. கடலைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் இடைக்கிடை சொல்லுவா, உப்புக் குறைவு என்று சொல்லுகிற மாதிரி, சாதாரணமாக.

அந்த நேரத்தில்தான் கார் வந்தது. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த ஒருவர், வீட்டிலேயே பாகங்களைப் பூட்டி ஓடலாமென்று பெட்டி பெட்டியாக ஒரு காரைக் கொண்டுவந்து, பாதி பூட்டி, அலுத்துப்போய் விட்டுவிட்டுப் போயிருந்தார். குழாய்களை ஒட்டிச் செய்த எலும்புக்கூடு, மேலே மெல்லிய மஞ்சள் ஃபைபர் உடம்பு. நாலு பேர் பிடித்தால் தூக்கி மற்றப் பக்கம் வைக்கலாம். சித்தப்பா அதை வாங்கி மாமரத்துக்குக் கீழே வைத்துப் பூட்டி முடித்தார். பதிவு எப்படி எடுத்தார் என்பது தனிக் கதை. அதைச் சொன்னால் இன்றைக்கும் இரண்டு மூன்று பேர் என்னோடு கோபிப்பார்கள்.

இனி ரயர். எங்கள் கிரவல் றோட்டுக்குத் தாங்க வேண்டும் என்று சாமான் ஏற்றுகிற வானுக்குப் போடுகிற தடித்த ரயர்களைத் தேடிக் கொண்டுவந்தார். நெல்லு மூட்டை ஏற்றுகிற ஊரில் காற்றென்றால் கல்லுப் போல இருக்க வேண்டும். பெருவிரலால் அமத்திப் பார்ப்பார்கள். விரல் நோக வேண்டும், ரயர் அசையக் கூடாது. அப்படியே அடித்தார். சில்லுக்கு ஒன்றாக நாலு ஸ்பிரிங். ஒவ்வொன்றிலும் அதை இறுக்கவோ தளர்த்தவோ ஒரு வளையம். சித்தப்பா எந்தப் பக்கம் திருகியிருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஓட்டிப் பார்க்கச் சித்தியை ஏற்ற முடியுமா? அவாவின் நிறைக்கு ஈடாக என்னையும் ஒரு தவிட்டு மூட்டையையும் ஏற்றினார். எனக்கு அப்போது பத்து வயது. மடியில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர். சிந்தாமல் வாய்க்கால் கட்டுவரை போய் வந்தால் சித்தியையும் கூட்டிப் போகலாம் என்பது அவருடைய கணக்கு. ஐயோ, அந்த முதல் ஓட்டம்! கார் கன்றுக்குட்டி மாதிரித் துள்ளியது. ஒழுங்கையால் திரும்பவில்லை, அதற்குள் செம்பில் சொட்டுத் தண்ணீர் இல்லை. முழுவதும் என் சட்டையில். தவிட்டு மூட்டை என் மேலே.

எல்லாம் ஆடுகிறபடியால்தான் குலுக்குகிறது என்று சொல்லி, சித்தப்பா இன்னும் இறுக்கினார். அடுத்த முறை செம்பே வெளியில் பறந்தது. யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்த சித்தி, சிரித்துச் சிரித்து முதுகைப் பிடித்துக்கொண்டா.

"ஏனப்பா, அது என்ன நெல்லு ஏத்திற ரக்டர்ப் பெட்டியே? எங்கட கரையில வலை இழுக்கிற ரக்டருக்குக் காத்தைக் குறைச்சுப்போட்டுத்தான் ஓடுறவை. இறக்கிப் பாருங்கோவன்."

"மணலுக்குச் செய்யிறதை றோட்டுக்குச் செய்யேலுமே? சும்மா விசர்க்கதை கதையாதை" என்றார் சித்தப்பா. அன்றைக்கு முழுக்க முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தார். அடுத்த நாள் காலையில் மாமரத்தடியில் இருந்து உஸ்ஸென்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், களவெடுக்கிறவர் மாதிரிக் குந்தியிருந்து காற்றை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாயில் விரலை வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் இறக்கமும் தளர்வும்தான். தடித்த ரயர் காற்றை இறக்கினாலும் மடங்கவில்லை, கார் அவ்வளவு பாரமில்லை. அதனால் பழைய சின்னக் கார் ஒன்றின் மெல்லிய ரயர்கள் வந்தன. வளையங்களை நன்றாகத் தளர்த்தினார். கார் வளைவுகளில் வள்ளம் மாதிரிச் சரிந்து, நான் வாய்க்கால் கட்டில் தின்றதெல்லாம் சத்தி எடுத்தேன். பின்பக்கத்தைக் கொஞ்சம் இறுக்கினார். முன்பக்கத்தில் இன்னும் கொஞ்சம் காற்றை விட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு இதே வேலை. எத்தனை சட்டை நனைந்தது என்று அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு பின்னேரம் தண்ணீர் செம்பின் விளிம்புவரை வந்து நடுங்கிவிட்டு, உள்ளேயே நின்றுவிட்டது. வளவுக்குள் வந்து நிற்கும்வரை சிந்தவில்லை. சித்தப்பா என் கையிலிருந்து செம்பைப் பறித்துக்கொண்டு, தானும் ஒரு சொட்டுச் சிந்தாமல் வீட்டுக்குள் ஓடினார். சித்தி அதை வாங்கிப் பார்த்தா. பிறகு அண்ணாந்து அவ்வளவையும் குடித்தா. எனக்கு அவர்கள் இரண்டு பேரையும் அப்போது மிகவும் பிடித்திருந்தது.

இனி ஒரு கரைச்சல்தான். ரயர் பாதி சப்பையாக இருந்தபடியால் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பெருவிரலால் அமத்திப் பார்த்தார்கள். அடுத்தவன் சில்லில் காற்றில்லை என்று கண்டால் சொல்லாமல் போவது எங்கள் பக்கத்தில் மரியாதையில்லை. சித்தப்பா ஒவ்வொருவருக்கும் விளங்கப்படுத்திக் களைத்துப்போய், கடைசியில் ஓம் ஓம் அடிக்கிறன் என்று சொல்லி அனுப்பிவிடுவார். அதை நம்பியவர்களில் ஒருவர் பக்கத்து வளவு மாமா. கையும் காலும் சும்மா இருக்காத மனிதன். எங்கள் கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டால் கேட்காமலே வந்து எண்ணெய் விட்டுவிட்டுப் போவார்.

கடலுக்குப் போகிற நாள் விடிய, சித்தப்பா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது, அந்த மாமா தன் கால் பம்போடு வந்து நாலு சில்லுக்கும் கல்லுப் போலக் காற்றடித்து விட்டுப் போயிருக்கிறார். பாவம், இவன் அவசரத்தில் மறந்துவிட்டான் என்று நினைத்திருப்பார். இது அவருடைய வேலை என்று எங்களுக்குப் பின்னேரம்தான் தெரிய வந்தது.

புதுச் சேட்டுப் போட்ட சித்தப்பா தேசிக்காய் வைத்து, கற்பூரம் காட்டி, சந்தோசத்தில் ரயரைப் பார்க்கவே இல்லை. சித்தியைத் தலையணைகளுக்கு நடுவில் சாய்த்து வைத்தார். பக்கத்தில் நான். இந்த முறை மடியில் செம்பு இல்லை. சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டா.

கிரவல் றோட்டில் ஏறியதும் கார் குலுங்கத் தொடங்கியது. மழை பள்ளமாக்கிவிட்டுது என்று சித்தப்பா றோட்டைத் திட்டினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் சித்தி என் கையை நெரித்தா. அவாவின் மேலுதட்டில் வியர்வை.

"நோகுதோ? திருப்பட்டே?" சித்தப்பா கண்ணாடிக்குள்ளால் கேட்டார்.

"ஒண்டுமே தெரியேல்லை. நீங்கள் ஓடுங்கோ."

எனக்கு விளங்கிவிட்டது: சித்திக்குக் கார் பயம். கனகாலம் எதிலும் ஏறாதவா அல்லவா! நான் காதுக்குள் குனிந்து, பயப்பிடாதேங்கோ சித்தி, சித்தப்பா நல்லா ஓடுவார் என்று சொன்னேன். சித்தி என்னைப் பார்த்துச் சிரித்தா. "சரியடி. ஏதாவது கதைச்சுக்கொண்டு வா, நிப்பாட்டாதை" என்றா. வகுப்பில் யார் யாரோடு கோபம் என்பதில் தொடங்கி, விசுவமடு தாண்டி, கரைவரைக்கும் நான் வாய் மூடவில்லை. இவ்வளவு ஆசையாக என் கதையை அதற்கு முன்பு ஒருவரும் கேட்டதில்லை.

கடலில், சித்தப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சித்தி நின்றா. அலை வந்து காலை நனைத்தது. அவா கொஞ்ச நேரம் அழுதா. பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, எது யாருடைய மீன்வாடி, யாருடைய வள்ளம் எங்கே நின்றது என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னா. அவாவின் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை.

சித்தியை மணலில் இருத்திவிட்டுத் தலையணை எடுக்கப் போன சித்தப்பாவைக் காணவில்லை என்று பார்த்தால், காருக்குப் பக்கத்தில் மணலில் இருந்தார். பெருவிரல் ரயரில். ஒவ்வொரு சில்லாகப் போய் அமத்தினார். பிறகு ஒவ்வொன்றாகக் காற்றை இறக்கினார். உஸ்ஸென்று காற்று முகத்தில் அடிக்க, கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. மண் பட்டுவிட்டதாக்கும் என்று நினைத்தேன். என் கையைக் கண்டுவிட்டு, பிடித்துத் திருப்பிப் பார்த்தார். புறங்கையில் நகம் பதிந்து சிவந்திருந்தது.

"சித்திக்குக் காரெண்டாப் பயம்" என்றேன்.

அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கடல் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டார். எரிந்தது.

திரும்பி வரும்போது கார் தண்ணீரில் போகிற மாதிரிப் போனது. சித்தி என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டா. அவாவின் கை என் கைக்குள் சும்மா கிடந்தது. பயம் தெளிந்துவிட்டது என்று எனக்குப் பெருமை.

வீட்டுக்கு வந்து சேர, பக்கத்து வளவு மாமா சிரித்துக்கொண்டு வந்தார். "எப்பிடி ஓடினது? விடியவெள்ளன நான்தான் காத்தடிச்சு விட்டனான், கண்டனியளே?"

சித்தப்பா கதிரையை விட்டு எழும்பினார். அவர் வாய் திறக்க முதல் சித்தி முந்திக்கொண்டா. "நல்லா ஓடினது அண்ணை. நீங்கள் அடிச்சு விட்டபடியால் சுகமாப் போட்டு வந்தம். இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

மாமாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நான் விடுவேனா? சித்தி காருக்குள் எப்படிப் பயந்தா, நான் எப்படித் தைரியம் சொல்லிக் கூட்டிப் போனேன் என்று கையைக் காட்டி நடித்தே காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். "ஓமண்ணை, இவள் இல்லாட்டி நான் அரைவழியில இறங்கியிருப்பன்" என்று சித்திதான் கூடச் சிரித்தா.

சித்தப்பா மட்டும் செம்பை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். தேத்தண்ணிக்குத் தண்ணீர் அள்ள இவ்வளவு நேரமா என்று கூப்பிடப் போனேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, அள்ளி அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அவ்வளவு புழுதி காரில் கிடக்க, இந்த மனிதன் ஏன் முகத்தைக் கழுவிக்கொண்டு நிற்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.