பத்து நாள் பண்ட்லு தொடாத மணியம்மா

தொண்ணூறுகளில் சித்தூரைச் சுற்றி மாம்பழக்கூழ் ஆலைகள் பெருகியபோது வேலைக்குச் சேர்ந்தவர் மணியம்மா. இரண்டு மகன்களும் பெங்களூருக்குப் போன பிறகும் அவர் விடவில்லை. வருடத்தில் மூன்று மாதம்தான் வேலை; அந்த மூன்று மாதமும் தோல் சீவும் மேசையில் முதல் இடம் அவருக்கு.

ஈறு நோயில் கீழ்ப்பல் ஒன்று விழுந்துவிட, நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்கு வந்தார். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். ரத்தம் எடுப்பது என் வேலை. அவர் கையிலிருந்து எடுத்த ரத்தத்தை, எதையும் கலக்காமல், உடனே இயந்திரத்தில் சுழலவிட்டேன். சிவப்பு அடியில் தங்க, நடுவில் மஞ்சளாக ஒரு கட்டி திரண்டது. தட்டணுக்கள் நிறைந்த கட்டி. எலும்பும் ஈறும் சீக்கிரம் ஆற உதவும். அதைத் தட்டையாக அழுத்தினேன்.

"மாங்கா தாண்ட்ரா மாதிரியே கீது பாப்பா!" என்று, மாம்பழக்கூழை வெயிலில் காயவைத்துச் செய்யும் தட்டை மிட்டாயைச் சொல்லிச் சிரித்தார்.

டாக்டர் புதுப் பல்லைத் தாங்கும் உலோகத் திருகாணியைத் தாடையில் பொருத்தி, அந்தக் கட்டியைச் சுற்றி வைத்துத் தையல் போட்டார்.

அனுப்பும்போது நான் சொன்னேன்: "பதி ரோஜுலு பண்ட்லு முட்டொத்து." பத்து நாள் பல்லைத் தொடாதீர்கள் என்று பொருள். அவரும் தமிழ், நானும் தமிழ். ஆனால் வெள்ளைக் கோட்டைப் போட்டால் எனக்குத் தெலுங்குதான் வருகிறது. ஏன் என்று அதுவரை கேட்டுக்கொண்டதில்லை.

பதினோராம் நாள் தையல் பிரிக்க வந்தார். ஈறு அழகாக மூடியிருந்தது.

"நீ சொன்ன மாதிரியே ஒரு மாங்காகூட தொடல."

"மாங்காயா?"

"பண்ட்லு தொடாதேன்னியே! பழத்தத் தொடாம அங்க இன்னா வேல? வூட்லயே குந்திக்கினு இருந்தேன். மேஸ்திரி என் எடத்துல வேற ஆளப் போட்டுட்டான்."

தெலுங்கில் பல்லும் பண்ட்லு, பழமும் பண்ட்லு. ஆலையில் இருபது வருடமாக அவர் கேட்ட பண்ட்லு எது என்று நான் யோசிக்கவே இல்லை.

அன்று மதியமே லீவு போட்டு அவருடன் ஆலைக்குப் போனேன். மேஸ்திரி சிட்டிபாபு எகத்தாளமாகப் பார்த்தார். "பல்லு புடுங்கினா மாங்கா தொடக்கூடாதாமா? நல்ல கத!"

"அவங்க மேல தப்பில்ல மேஸ்திரி. நான்தான் பண்ட்லுன்னு சொன்னேன்."

ஒரு கணம் முழித்தவர் வெடித்துச் சிரித்தார். மேசைப் பெண்களும் சிரித்தார்கள். மணியம்மா சிரிக்கவில்லை.

"மேசை காலி இல்ல. கழுவுற தொட்டில நிக்கிறியா?" என்று மேஸ்திரி அவரைக் கேட்டார்.

தொட்டி என்றால் நாள் முழுக்கத் தண்ணீரில் கை. மணியம்மா தலையசைத்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இப்பவாச்சும் தமிழ்ல சொல்லு பாப்பா. எதத் தொடக்கூடாது?"

"தையல் போட்ட எடத்த, அக்கா. இன்னும் ஒரு வாரம் வெரல் வெக்காதீங்க."

"மாங்கா?"

"எவ்ளோ வேணா தொடுங்க."

அவர் தொட்டிக்குள் இரண்டு கைகளையும் விட்டார்.